மெதுவாகப் பறித்தவர்

இங்கிலாந்தில் அவரை எட்டுப் பண்ணைகளிலிருந்து வேலையை விட்டு அனுப்பினார்கள். குடித்தார், சண்டை போட்டார் என்றெல்லாம் இல்லை. எட்டு இடத்திலும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். ஆள் ரொம்ப மெதுவாகப் பறிக்கிறார்.

எனக்கும் அப்பாவுக்கும் இதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. எங்கள் கடையில் அவர் மசால் தோசை சாப்பிடுவதை நான்கு வருடம் பார்த்தவர்கள் நாங்கள்.

கல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோவை விட்டு வெளியே வந்து, ஆட்டோ வரிசையைத் தாண்டினால் இரண்டாவது சந்தில் எங்கள் கடை இருந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்பா எழுபதுகளில் போட்ட இட்லி தோசைக் கடை. கீழே கடை, மேலே வீடு. மொத்தம் ஐந்து மேஜை. நான் பி.காம். முடித்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை என்று சொல்லிக்கொண்டு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு சர்வே அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். ஒப்பந்த வேலை. அவருடைய அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகி இங்கே வந்தவர், ஓய்வுபெற்றதும் மனைவியோடு திருச்சிக்கே போய்விட்டார். இவர் மட்டும் தங்கிவிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைவிட வங்காளம்தான் அவருக்குச் சரளமாக வரும். தமிழில் பேசும்போதுகூட எதையும் 'மானே' என்றுதான் ஆரம்பிப்பார். வங்காளத்தில் 'அதாவது' என்று அர்த்தம். அவருடைய 'மானே'க்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு ஆள் தெருமுனைக்குப் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

சாயங்காலம் ஆறரைக்கு வருவார். மசால் தோசையை ஓரத்திலிருந்து தபால்தலை அளவுக்குக் கிள்ளுவார். எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்கும். கிள்ளியதைச் சட்னியில் தொட்டு, வாயில் போட்டு, மென்று முடித்து, அடுத்ததை எங்கே கிள்ளுவது என்று பார்ப்பார். ஐம்பது நிமிடம் ஆகும். ஐந்து மேஜையில் ஒன்று ஐம்பது நிமிடம் அடைபட்டுக் கிடந்தால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்?

"வெரசா சாப்பிடுங்க தம்பி. ஆறிப் போவுதுல்ல."

"மானே..." அப்பா இரண்டு பேருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தார். "சூடா இருந்தா ருசி தெரியறதில்ல காகு."

காகு என்றால் சித்தப்பா. அந்த உறவுமுறையைக் கேட்டதும் அப்பாவுக்கு மேற்கொண்டு கோபப்பட வராது.

ஒரு நாள் அப்பா அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை மட்டும் அணைத்தார். வைகாசிப் புழுக்கம். வேர்த்தால் எழுந்துவிடுவார் என்று நினைப்பு. அவர் நிமிர்ந்து பார்த்தார். கரண்ட் போய்விட்டது என்று முடிவு செய்து, வரட்டும் என்று தோசையிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று.

சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எதைச் செய்தாலும் அதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் செய்வார், அவ்வளவுதான். தெருவைக் கடக்க நின்றால் இரண்டு பக்கமும் காலியாகும்வரை நிற்பார். டாலிகஞ்சில் தெரு எப்போது காலியாகும்? பந்த் அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகத் தெருவைக் கடந்தார் என்று தாதா சொல்வார்.

தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். எங்கள் கடையின் இன்னொரு நிரந்தர வாடிக்கையாளரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். சினிமா ஸ்டுடியோவில் முப்பது வருடம் லைட்மேனாக இருந்து ஓய்வுபெற்ற வங்காளிப் பெரியவர். காலையிலும் மாலையிலும் எங்கள் கடைக் காப்பிதான். அவருக்கு இவர்மேல் தனிப் பிரியம். "ஒரு ஷாட்டுக்கு விளக்கு சரி செய்ய நாங்கள் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வோம், யாரும் எங்களைச் சோம்பேறி என்று சொன்னதில்லை" என்று அவருக்காக அப்பாவிடம் வாதாடுவார்.

புதிய நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அவர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அவர் ஒரு மாதத்தில் வரையும் படத்தை அது ஒரு மதியத்தில் துப்பியது. ஒப்பந்தம் முடிந்ததும் அவரை மறுபடி கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். காமன்வெல்த் நாட்டு இளைஞர்கள் இரண்டு வருடம் இங்கிலாந்தில் ஊர் சுற்றலாம், செலவுக்கு அங்கேயே வேலையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விசா. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு முப்பது ஆக நான்கு மாதம் இருந்தது.

"அங்க போய் என்ன வேலை பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"மானே... பழம் பறிக்கறது. சீசனுக்கு ஆள் எடுப்பாங்களாம். மூட்டையை முதுகுல மாட்டிட்டு ஒரு பண்ணைலேருந்து இன்னொரு பண்ணைக்குப் போயிட்டே இருக்கலாமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நேரத்துக்கும் எடைக்கும் கூலி கொடுக்கும் ஒரு வேலையைத் தேடிக் கண்டுபிடித்து, இவர் அதற்குப் போகிறாரே என்றுதான். ஆனால் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியவில்லை. கல்கத்தாவைத் தவிர அவர் பார்த்த ஊர் திருச்சி ஒன்றுதான்.

படிவத்தை முதலில் பென்சிலால் நிரப்பினார். பிறகு அழித்தார். 'தங்கும் காலத்தில் என்ன செய்ய உத்தேசம்' என்ற கேள்விக்குத் தனித்தாளில் மூன்று பக்கம் எழுதி, அதைத் திருத்திக்கொண்டிருந்தார். மூன்று மாதம் போயிற்று. பிறந்தநாளுக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் படிவத்தை எடுத்து மடமடவென்று நிரப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன். அவர் திரும்பி வந்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார். அவருக்கு அதில் வருத்தம்தான்.

தூதரக அலுவலகத்தில் பேட்டி கண்ட வெள்ளைக்கார அம்மாள் கேட்டாளாம்: "இரண்டு வருடம் முடிந்ததும் கண்டிப்பாகத் திரும்பி வந்துவிடுவீர்களா?" இவர் யோசித்திருக்கிறார். அவள் இவருடைய கோப்பு முழுவதையும் புரட்டி முடித்திருக்கிறாள். "கொஞ்சம் தாமதமாகலாம். ஆனால் வந்துவிடுவேன்" என்றாராம். எப்படியோ விசா கிடைத்துவிட்டது.

முதுகுப் பையைக் கிடர்பூர் பஜாரில் வாங்கினார், கப்பலில் வந்த வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி விற்றார்களாம். ஆள் உயரத்துக்கு இருந்தது. அதை மாட்டிக்கொண்டு விடைபெற வந்தவர், 'போய்ட்டு வரேன்' என்று அப்பா பக்கம் திரும்பும்போது ஒரு மேஜையையும், அம்மா பக்கம் திரும்பும்போது இன்னொரு மேஜையையும் துடைத்துப் போட்டார். நான்கு கண்ணாடித் தம்ளர் போயிற்று. என் பக்கம் திரும்பவிடாமல் அப்பா பையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அப்பா பெயருக்கு முதல் கடிதம் வந்தது. ஈமெயில் எல்லாம் வந்துவிட்ட காலம்தான், ஆனால் அவர் பேனாவைவிட்டு வரவில்லை. எழுத்துப்பிழை நிறைய, கையெழுத்து மட்டும் வரைபடம் மாதிரி. அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்ட, தாதா தனக்கும் வேண்டும் என்று வங்காளத்தில் சொல்லச் சொன்னார்.

ஸ்ட்ராபெரிப் பண்ணை. பிளாஸ்டிக் கூரை போட்ட நீள நீளமான பந்தல்கள். போலந்து, பல்கேரியா, உக்ரைன் என்று கல்லூரிப் பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கே வரிசையில் இறங்கி, இரண்டு கையாலும் பறிப்பார்களாம். மதியத்துக்குள் அவர்கள் பன்னிரண்டு தட்டு. இவர் ஒன்றேகால். இலையை விலக்கிப் பார்த்து, பழத்தின் முதுகுப் பக்கம் சிவந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, காம்பை நகத்தால் நறுக்கி எடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் மேற்பார்வையாளன் இவர் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டான். "தட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரு பழம் நசுங்கவில்லை, ஒரு பழம் காயில்லை, பாருங்கள்." எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

தாதா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதானோ" என்றார். மேஜை காலியானால் போதும் என்று மின்விசிறியை அணைத்தவர் அவர்.

அதன்பிறகு கடிதங்கள் வந்தபடி இருந்தன. ராஸ்பெரிக்காக ஸ்காட்லாந்து போனார். நான்கு நாள். முட்டைக்கோஸ் வயலில் டிராக்டருக்குப் பின்னால் நடந்துகொண்டே வெட்ட வேண்டும். டிராக்டர் ஆமை வேகத்தில்தான் போகுமாம். இவர் அதற்கும் பின்தங்கிவிட்டார். மூடுபனியில் டிராக்டர் கண்ணுக்கு மறைந்து, மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போய், இவர் மட்டும் தன் வரிசையை வெட்டிக்கொண்டே போயிருக்கிறார். பொழுது சாய்கிற நேரத்தில் வயலின் மறுகோடியில் இவர் வெளிப்பட்டதைப் பார்த்துப் பக்கத்துப் பண்ணையின் நாய் பயந்துவிட்டதாம். அங்கே இரண்டு நாள்.

எனக்கு மிகவும் பிடித்தது டாஃபடில் பூ. குளிர்கால முடிவில் மஞ்சளாகப் பூப்பது. மொட்டாக இருக்கும்போதே பறித்துக் கட்டுக் கட்டாகக் கடைக்கு அனுப்ப வேண்டும். பூத்துவிட்டால் விலை போகாது. 'நான் வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் எல்லாம் பூத்துவிட்டன காகு' என்று எழுதியிருந்தார். 'மிகவும் அழகாக இருந்தது. முதலாளி அப்படி நினைக்கவில்லை.'

கடிதம் வந்த நாளில் கடையில் கூட்டம் கூடும். ஆட்டோ ஓட்டுபவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். "ஏபார் கொதோதின்?" என்பார் தாதா. இந்தத் தடவை எத்தனை நாள்? உறையைப் பிரிப்பதற்கு முன் ஆளாளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். அப்பா எப்போதும் ஒரு மாதம் என்று சொல்லித் தோற்பார். அவருடைய கடை வடையையே அவர் வாங்கித் தந்த வேடிக்கையை எத்தனை தடவை பார்த்தேன் என்று நினைவில்லை.

வேகமாகப் பறித்தவர்கள் ஒரே பண்ணையில் சீசன் முழுக்க இருந்தார்கள். இவரைத் துரத்தத் துரத்த, இவர் பையை மாட்டிக்கொண்டு தெற்குக் கடலோரம், வடக்கு மலை, நடுவிலிருக்கும் சமவெளி என்று பேருந்து பேருந்தாகப் போய்க்கொண்டே இருந்தார். அவரோடு பறித்த எந்தப் பையனும் இவ்வளவு ஊர் பார்த்திருக்க மாட்டான்.

ஒவ்வொரு கடிதத்திலும் கடைசித்தாள் எனக்கு. அதை நான் வாசித்துக் காட்டியதில்லை. தாதா கேட்டால், இட்லிப் பொடி செய்முறை கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். காதல் கடிதம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தாள் முழுக்க ஒரே ஒரு மரத்தைப் பற்றி எழுதியிருப்பார். அல்லது, பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த கிழவி கையுறையைக் கழற்றிய விதத்தைப் பற்றி. முடிவில், 'நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்' என்று ஒரு வரி இருக்கும். அல்லது, 'நீங்கள் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.' அவ்வளவுதான். நான் எதற்குச் சிரிப்பேன், எதற்குப் பேசாமல் இருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

ஒன்பதாவது பண்ணையில் அவரை அனுப்பவில்லை. பிளம்ஸ் தோட்டம் வைத்திருந்த ஒரு விதவை அம்மாள். பிளம்ஸ் பழத்தின்மேல் திருநீறு பூசின மாதிரி ஒரு வெண்படலம் இருக்குமாம். விரல் பட்டால் போய்விடும். விற்கிற பழத்தில் அது அழிந்தால் பரவாயில்லை. ஆனால் அந்த அம்மாள் ஒவ்வொரு வருடமும் மாவட்டக் கண்காட்சியில் போட்டிக்குப் பழம் வைப்பவள். போட்டிப் பழத்தில் காம்பு ஒடியக் கூடாது, படலத்தில் ஒரு ரேகைகூட விழக் கூடாது. பறிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காமல் பல வருடமாகப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். இவர் ஒரு மதியம் முழுக்க ஏணியில் நின்று பதினொரு பழம் பறித்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டாளாம். இவர் அதற்கு எட்டுப் பண்ணையின் பெயரையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.

முதல் பரிசு கிடைத்தது. அந்த சீசன் முழுக்கவும் அடுத்த சீசனும் அங்கேயே இருந்தார். பரிசுக் கடிதம் வந்த அன்றைக்கு அப்பா கடையில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். தாதாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். தொடர்கதை முடிந்துவிட்டதே.

விசா முடிந்து திரும்பி வந்தார். முகம் கறுத்து, தோள் அகன்று, நான் நினைத்திருந்ததைவிட உயரமாகத் தெரிந்தார். ஒரு கட்டட முதலாளிக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் வேலை பிடித்துக்கொண்டு, பழையபடி ஆறரைக்கு வரத் தொடங்கினார். இரண்டு வருடம் தாளில் அவ்வளவு பேசியவர், நேரில் பழைய ஆள்தான். "மானே..." என்று என்னைப் பார்த்துத் தொடங்குவார். அதற்குள் நாலு பார்சல் வந்து நிற்கும்.

அந்த வருடம் துர்கா பூஜை முடிந்த கையோடு என்னைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு அவர்களுக்கு விமான நிலையம் போக வேண்டும். அன்றைக்குப் பார்த்துச் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அம்மா தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். விடுமுறை நாள் என்று இவர் மதியமே கீழே கடைக்கு வந்திருக்க, அப்பா அவசரத்தில் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துத் தரச் சொல்லி இவர் கையில் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன். பன்னிரண்டரைக்குக் கேசரி கொடுத்தேன். ஒரு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா, சமையலறைப் பக்கமிருந்து தாளிக்கும் வாசனை எதுவும் வரவில்லையே என்று கவனித்தாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர். மறுபடியும் கேசரி கொடுக்கவும் முடியாது. அப்பா படியிறங்கிப் போய்ப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் பதினேழு வெங்காயம் முத்துப் போல உரித்து வைக்கப்பட்டிருந்தது. மீதி ஒன்றரைக் கிலோ முறத்தில் இருந்தது.

"கட்டக் கடேசில பெரிய வெங்காயத்தையாவது வெட்டிப் போடுடி" என்று அப்பா அம்மாவிடம் கத்தியது மேலே எல்லோருக்கும் கேட்டது. அவர்கள் ரசத்தை மட்டும் ஊற்றி அரைகுறையாகச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், வீட்டில்தான் சுறுசுறுப்பு போதாதாம்.

அன்று சாயங்காலம் அவர் மேஜைக்கு எதிரே போய் நின்றேன்.

"நெசமாச் சொல்லுங்க. உங்களால இதுக்கு மேல வெரசா உரிக்கவே முடியாதா?"

அவர் தட்டைப் பார்த்தார். நான் நகரவில்லை. பார்சலுக்கு நின்றவர்களைப் பொறுக்கச் சொன்னேன்.

"மானே... முடியும்" என்றார். "கொஞ்சம் முடியும்."

"அப்புறம்?"

"அந்தப் பையன் மேல ஏறும்போதே மூணு தடவ வாட்ச் பாத்தான். கீழே நின்னப்ப ரெண்டு தடவ." தோசையில் ஒரு துண்டு கிள்ளினார். "உங்களப் பாக்க வந்தவன் வாட்ச் பாக்கக் கூடாது இல்லையா?"

வாழ்க்கையிலேயே முதல்தடவையாக ஒரு காரியத்தை வேண்டுமென்றே மெதுவாகச் செய்திருக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவரைத் தவிர யாராலும் முடியாது.

கல்லாவிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து, அந்த மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, உங்களுக்கு எம் பொண்ணப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு காகு."

'மானே' இல்லை. அப்பாவே கொஞ்சம் அசந்துவிட்டார்.

"அப்பக் கட்டிக்கிடுதீங்களா?"

ஊர், சாதி என்று எதையும் அப்பா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தாதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காப்பித் தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் காகு" என்றார் அவர். "பறிச்சுட்டா திருப்பி ஒட்ட வைக்க முடியாது பாருங்க."

ஒரு வாரம் போயிற்று. தினமும் வந்தார், சாப்பிட்டார், போனார். இரண்டாவது வாரமும் போயிற்று. மூன்றாவது வாரம் அம்மா அழ ஆரம்பித்தாள். நான்காவது வாரம் தாதா அவரைத் தெருவோரம் அழைத்துப் போய் வங்காளத்தில் ஏதோ திட்டினார். நான் கேட்டிருக்கலாம். படிவத்தை நிரப்பின மாதிரி நானே நிரப்பி, கோடு போட்டு நீட்டியிருக்கலாம். இதை நான் நிரப்ப மாட்டேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஐம்பது பேர் சாப்பிடும் கடையில், ஒருத்தர் தன்னைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவருக்கே சட்னி ஊற்றுவது எப்படி இருக்கும் என்று யாராவது அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆறாவது வாரம் இன்னொரு வரன் வந்தது. சென்னையில் எஞ்சினியர். பத்து நிமிடம் தனியாகப் பேசினோம். இரண்டு கேள்வி கேட்டார், பதிலைக் கவனித்துக் கேட்டார். நல்லவராகத் தெரிந்தார். சரி என்று சொல்லிவிட்டேன். நல்லவர் என்பதற்காகச் சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா என்று கேட்டால் இரண்டும்தான். மறுநாளே தட்டு மாற்றினார்கள்.

அதற்கும் மறுநாள் ஆறரைக்கு அவர் வந்தார். தலை வாரி, சட்டையை மாற்றி, கையில் மடித்த தாளோடு வந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"யோசிச்சுட்டேன்" என்றார்.

"இவ்வளவு நாள் என்ன யோசிச்சீங்க?"

"என்னோட இருந்தா உங்களுக்கு என்னென்ன கஷ்டம் வரும்னு." தாளைப் பிரித்தார். "ரயில் விட்டுடுவோம். சாப்பாடு ஆறிடும். எங்கயாவது போணும்னா நீங்க எனக்காக வாசல்ல நிப்பீங்க. பிள்ளைங்க இருந்தா ஸ்கூலுக்கு லேட்டாகும். இன்னும் இருக்கு, மொத்தம் முப்பத்தொண்ணு. எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணா வழி இருக்கான்னு பாத்தேன். மூணுக்குத்தான் இல்ல. அந்த மூணையும் நீங்க பொறுத்துப்பீங்கன்னு தோணுச்சு."

நான் சொன்னேன். நேற்று, தட்டு, சென்னை என்று மூன்றே வார்த்தையில் சொன்னேன்.

அவர் தாளை மடித்தார். நான்காக மடித்து, ஓரம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, பையில் வைத்துக்கொண்டார். "அவர் வாட்ச் பாத்தாரா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப நல்லது" என்றார். முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே சொன்ன மாதிரிதான் இருந்தது. நான் மேலே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அழுதேன்.

அடுத்த வாரம் அவர் வடக்கே மலைப்பக்கம் போய்விட்டார். ஆரஞ்சுத் தோட்டங்களில் அறுவடைக் காலம். பிளம்ஸ் அம்மாள் கொடுத்திருந்த சான்றிதழைக் காட்டி ஒரு தோட்டத்தில் சேர்ந்திருக்கிறார் என்று தாதா சொன்னார். கல்யாணம் தை மாதம், கல்கத்தாவிலேயே நடந்தது. அவர் வரவில்லை. எனக்கு ஒருபக்கம் நிம்மதி.

மூன்றாம் நாள் நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம். ஹவுரா நெரிசல் வேண்டாம் என்று சாந்த்ராகாச்சியில் ஏறுவதாக ஏற்பாடு. அசாமிலிருந்து வரும் வண்டி. காலை பத்து மணிக்கு வர வேண்டியது, பனிமூட்டத்தால் மூன்று மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணி வாக்கில் மேம்பாலத்தின் படியில், ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்து, ஒரு மூங்கில் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார்.

வண்டி தாமதம் என்பது அவருக்குத் தெரியாது. பத்து மணி வண்டிக்குப் பன்னிரண்டுக்கு வந்துவிட்டு, நாங்கள் இருப்பதைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. கல்யாணத்துக்கென்று கிளம்பியவர்தான். மலையிலிருந்து வந்து சேர மூன்று நாள் பிந்திவிட்டது, அவ்வளவுதான். எந்த வண்டி என்று தாதாவிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். என் கணவரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். 'கடைக்கு ரெகுலரா வர்றவன்' என்று சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளம்ஸ் பழத்தை எப்படித் தொட வேண்டும் என்று அவர் விரலால் காட்டியதையும், என் கணவர் அதே மாதிரி விரலை வைத்துப் பார்த்ததையும் பார்த்துக்கொண்டு நான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்ததும் கூடையை என் மடியில் வைத்தார். என்னிடம் எதுவோ சொல்ல வாயெடுத்தார். வண்டி நகர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மலையிலேயே தங்கிவிட்டார் என்றும், அங்கே ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைக் கட்டிக்கொண்டார் என்றும் அப்பா போனில் சொன்னார். அந்த அம்மாள்தான் முதலில் கேட்டாளாம், ஒரு வருடம் காத்திருந்தாளாம். கேட்டபோது எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

கூடையில் ஆரஞ்சு. இரண்டு நாள் பயணத்திலும் தின்றோம், எதிர் இருக்கைக்காரர்களுக்கும் கொடுத்தோம். நெல்லூர் தாண்டும்போது அடிக்கூடையில் நாலைந்து மீதி இருந்தது. என் கணவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு பழத்துல ஒண்ணுகூட அழுகல் இல்லையே" என்றார்.

"இருக்காது" என்றேன்.